எம்-டூ பேப்பரும் நான் வரையாத நாலாவது படமும்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்றப்போவதில்லை, மார்க் உட்பட.

முதலில் ஞாபகத்துக்கு வருவது வாசனை. மதியச் சாப்பாடு முடிந்த வகுப்பறையில் புளிசாதமும் சாக்பீஸ் தூளும் கலந்து ஒரு வாசனை வருமே... அது. பெரம்பலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். முதல் வருஷம், இரண்டாவது செமஸ்டர். சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட் எம்-டூ, அதாவது மேத்ஸ் இரண்டாவது பேப்பர். முக்கால்வாசி கால்குலஸ்.

எல்லாருக்கும் தூக்கம் வரும். எனக்குப் பயத்தில் தூக்கமே வராது.

காரணம் ஒரு பேனர். பிளஸ் டூ கணக்கில் நான் நூற்றுக்கு நூறு. ஸ்கூலில் என் போட்டோவைப் பெரிதாகப் போட்டு சிறுவாச்சூர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பல மாத வெயிலில் என் முகம் வெளுத்துப்போனது. "100/100" மட்டும் அப்படியே பளிச்சென்று இருந்தது. காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது கோயில் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வேன். பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அந்த நூறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு கணக்கையும் ஐந்தைந்து தடவை எழுதிப் பார்த்திருந்தேன். எந்த வரியில் மைனஸ் வரும், எங்கே அடைப்புக்குறி மூடும், எல்லாம் மனப்பாடம். பழைய கேள்வித்தாள்களும் அப்படியே. கணக்கு தெரியும் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று மனசார நம்பியிருந்தேன்.

காலேஜிலும் அதையேதான் செய்தேன். ஒரு கைடு வாங்கி, தீர்த்த கணக்குகளை உருப்போட்டேன்.

முதல் இன்டர்னல் டெஸ்ட். டபுள் இன்டக்ரல் கணக்கு ஒன்று, எந்தப் பக்கமாக முதலில் தொகையிடுவது என்ற வரிசையை மாற்றிப் போடச் சொல்லி. பார்த்ததும் சந்தோஷம். கைடில் இருந்த கணக்கேதான்! கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐம்பதுக்குப் பதினொன்று.

எம்-டூ எடுக்கும் மேடம் என் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, கைடில் இரண்டு இருந்த இடத்தில் கேள்வித்தாளில் ஆறு என்று மாற்றிக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கைடில் இருந்த விடையை அப்படியே இறக்கியிருந்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நடுவில், "நாலாவது படத்திலிருந்து தெரிவது" என்ற கைடு வரியையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்... படம் வரைய நேரம் ஆகும் என்று அதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன்.

மேடம் திட்டவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"நாலாவது படம்னு எழுதியிருக்க. முதல் மூணு எங்கம்மா?"

வகுப்பே சிரித்தது. வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பக்கத்தில் செல்வி. அரும்பாவூர்க்காரி. வீட்டில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். பேனரைப் பார்த்த நாளிலிருந்து என்னை 'நூறு' என்றுதான் கூப்பிடுவாள்.

"அழுவாத நூறு. எனக்கு ஏற்கனவே எம்-ஒன் அரியர் கெடக்கு. தொணைக்கு ஆளு வந்துருச்சுன்னு நெனச்சுக்கறேன்."

அரியரை நினைத்தும் பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கணக்கு. அதுவும் தெரியாது என்றால்... அவளிடம் கேட்டேவிட்டேன். "அந்த நூறு பொய்யா செல்வி?"

அவள் நோட்டைத் திருப்பி ஒரு வளைகோடும், அதன் மேலே சரிந்து இறங்கி அதோடு சேரும் ஒரு நேர்கோடும் போட்டாள்.

"இது எங்க வெங்காயக் கொல்லைன்னு வச்சுக்க. கீழ வரப்பு வளைஞ்சு போவுது, மேல வரப்பு சாஞ்சு எறங்குது. தெக்கேருந்து வடக்க நடந்தா எப்பவும் கீழ வரப்புல ஆரம்பிச்சு மேல வரப்புல முடியும். இப்ப மேக்கேருந்து கெழக்க நட. எதுல போய் முட்டுவ?"

விரலை வைத்து நகர்த்தினேன். அடியில் நடந்தால் வளைந்த வரப்பில் முட்டியது. இரண்டும் சேரும் மூலைக்கு மேலே போனதும் சாய்ந்த வரப்பில் முட்டியது.

"ரெண்டு வரப்புலயும் முட்டுதுடி."

"அப்ப கொல்லைய ரெண்டா பிரிச்சு எழுது. அவ்ளோதான்."

கைடு ஏன் அந்தக் கணக்கை இரண்டு துண்டாகப் பிரித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

இவ்வளவு தெரிந்தவளுக்கு அரியர் எப்படி என்று கேட்டேன். படம் வந்துவிடுமாம், கூட்டல் கழித்தலில் கோட்டை விட்டுவிடுவாளாம். அப்புறம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஒப்பந்தம். அவள் வரைவாள், நான் கணக்கைச் சரிபார்ப்பேன். போகப்போக நானும் வரைந்தேன், அவளும் கூட்டினாள்.

செமஸ்டர் பரீட்சையில் அந்த மாதிரிக் கணக்கு வந்தது, நான் பார்த்தே இராத எண்களோடு. கை பழக்கத்தில் மனப்பாட வரியை எழுதப் போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். முதலில் வரப்பு. அப்புறம் நடந்து பார்த்தேன். விடை சரியா என்று கேட்க உள்ளே எந்தக் கைடும் இல்லை... ஆனாலும் சரி என்று தெரிந்தது. மனப்பாடத்தில் எனக்கு வந்தே இராத நிம்மதி அது.

ரிசல்ட்டை போனில் பார்த்தோம். எனக்கு பி பிளஸ். செல்விக்கு எம்-ஒன், எம்-டூ இரண்டும் கிளியர். அவள் என் முதுகில் ஓங்கி அடித்தாள், இரண்டு நாள் வலித்தது. அம்மா எத்தனை மார்க் என்று கேட்டார். பாஸ் என்றேன். அவ்வளவு லேசாக அந்த வார்த்தையை நான் சொன்னதே கிடையாது.

இப்போது அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீஸில் வேலை. எத்தனை கன மீட்டர் கல் எடுத்தோம் என்று கணக்குப் போடுவது என் பொறுப்பு. டிரோன் மேலே பறந்து படம் எடுக்கும், கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்தில் விடை சொல்லும். என் பிளஸ் டூ மார்க் இங்கே யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு, தெரியாது என்று சொல்லிவிட்டால் நானே காணாமல் போய்விடுவேன் என்று பயம். இன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மேனேஜர் சார் ஒரு கேள்வி கேட்டார். "தெரியல சார், பாத்துச் சொல்றேன்" என்றேன். சரிம்மா என்று அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் கிளம்புகிறேன். எல்லாரும் போயாச்சு. ஆபீஸ் லைட்டை அணைத்துவிட்டேன்.