காய்ந்த தரை

என் அக்கா உள்விளையாட்டு அரங்கில் தரை துடைக்கிறவள். வாலிபால் ஆடும்போது வியர்வை சொட்டிய இடத்தில் யாரும் வழுக்கி விழாமல் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வர வேண்டும். ஸ்கோர் பலகையில் எண் மாற்றுவது என் வேலை. நடுவர்கள் என்னைக் கண்டுகொள்வதே இல்லை. அக்காவைப் பார்த்தால் மட்டும் பல்லைக் கடிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. எந்தப் பெண்ணாவது பந்தைக் கோட்டைவிட்டுக் கூனிக் குறுகி நின்றால் போதும், அக்கா துடைப்பானோடு கிளம்பிவிடுவாள். ஆடி அசைந்து போய் அவள் காலடியில் நிதானமாகத் துடைப்பாள்.

"தரை ஈரமா இருந்துச்சும்மா, நீ என்ன பண்ணுவ?"

பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியும் நிமிராத தலை அதற்குள் நிமிர்ந்திருக்கும். தரை பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும்.

அவள் மகளும் அங்கேதான் ஆடுகிறாள். தரை மேல் பழியைப் போட்டே வளர்ந்த பெண்.

இறுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தலைநகரில் போய் ஆடலாம். மகள் பெட்டியைக்கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். கடைசி செட்டில் எதிரணியின் ஒல்லிப் பெண் ஒருத்தி, சுலபமான பந்தை வெளியே தட்டிவிட்டாள். இன்னும் ஒரே புள்ளி, கோப்பை எங்களுக்கு. அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா துடைப்பானை எடுத்தாள்.

"அக்கா, சும்மா இரு. அது நம்ம பொண்ணு இல்ல."

காதில் வாங்கினால்தானே! வலைக்கு அந்தப் பக்கம் போய்த் துடைத்தாள். அதே வசனத்தைச் சொன்னாள். வலையோரம் நின்ற மகள் அதைக் கேட்டாள், குனிந்து தரையைப் பார்த்தாள்.

அடுத்த பந்தை ஒல்லிப் பெண் அடித்த அடியை யாராலும் தொட முடியவில்லை. அதற்கடுத்த பந்துகளும் அப்படித்தான். தோற்றோம். எண்ணை மாற்ற எனக்குக் கை வரவில்லை. அக்கா மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சாப்பிட உட்கார்ந்தேன். மகள் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அங்க தரை காஞ்சுதானம்மா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப எனக்குத் தொடைச்சப்ப எல்லாம்?"

அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஒரு தடவ நெசமாவே ஈரமா இருந்துச்சு," என்றாள்.

"மத்ததெல்லாம் என் தப்பா?"

"உன் தப்புதான். அதுக்கு அடுத்த பந்த எடுத்தது யாரு, தரையா?"

மகள் சமையலறைக்குள் போனாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளி உக்காரு மாமா," என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன். எனக்குத்தான் அக்கா மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.