கேட்டுக்கு வெளியே ஒரு பண்டிகைச் சாப்பாடு

"நம்ம ஞானமுத்து நேத்து போயிட்டாருங்க." பண்ணைக்காட்டு பஸ் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் எங்கள் விடுதி வரவேற்பறையில் ஓர் அஞ்சலி அட்டையை மாட்டியிருந்தார்கள்: 'இந்த விடுதியையே தன் குடும்பமாக எண்ணியவர்.' படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களே, இது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

ஞானமுத்து அண்ணன் எங்கள் சமையற்கட்டில் கேக் மாஸ்டராக இருந்தவர். கொடைக்கானலில் கிறிஸ்துமஸ் என்றால் அறை கிடைக்காது. எங்களுக்கு லீவும் கிடைக்காது. எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பரில் என்னிடம் வந்து கேட்டார். அதற்குள் நான்கு வருடமாக அவர் பண்டிகைக்கு வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

"தம்பி, ஒரு நாள் மட்டும் குடுங்க. மறுநா வெள்ளனே வந்துருவேன்."

யார் எப்போது வேலைக்கு வருவது என்று பட்டியல் போடுபவன் நான். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே தலையை ஆட்டி மறுத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு, தூக்குவாளியில் கோழிக்குழம்பும் சோறுமாக பஸ் ஏறி வந்துவிட்டார். வாட்ச்மேன் அவர்களை உள்ளே விடவில்லை. அது மேலாளரின் உத்தரவு. அண்ணன் வெளியே போனார். யூக்கலிப்டஸ் மரத்தடியில், பனி ஈரம் காயாத புல்லில் நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மேலாளர் கேட்டுக்கே வந்து கத்தினார். "உள்ள நூறு பேர் காத்திருக்காங்க!"

"அவங்க நாளைக்கு அவங்க ஊருக்குப் போயிருவாங்க சார். இதுக என் புள்ளைங்க. சாப்ட்டுட்டு வாரேன்."

சின்னவள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். அவர் சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்தார். அரை மணி நேரம், அவ்வளவுதான். திரும்பி வந்து இரவு வரை வேலை பார்த்தார். மறுநாள் அவரை நீக்கினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

கொடைக்குக் கீழே பண்ணைக்காட்டில் அவர் ஒரு சிறிய ரொட்டிக்கடை போட்டார். சில வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வாசலில் ஆட்கள் நிற்கும்போதே பலகையை எடுத்துக் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை ஆரம்பித்ததும் கேட்டார்:

"உங்க புள்ளைங்க எங்க தம்பி?"

"கொடையில, வீட்டுல."

"அப்ப இங்க என்ன சோலி? பஸ் போயிரும். வெரசா கெளம்புங்க."

மன்னித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது.

அந்த அட்டையை நான் கழற்றிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'உங்க புள்ளைங்க எங்க' என்ற அந்தக் கேள்வியும், மேலாளர் மீதும் அதைவிட என் மீதும் ஆறாத கோபமும்தான். இந்த டிசம்பரில் சமையற்கட்டிலிருந்து ஒன்பது பேர் லீவு கேட்டார்கள். ஒன்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மேலிடத்தில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.