உப்புக் கிண்ணம்

எனக்கும் என் ஓரகத்தி தெரேசுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே போட்டி. போட்டியெல்லாம் என் மனசுக்குள்தான். அவளுக்கு அது தெரியவே தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவள் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். என் மகன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

போன தவக்காலத்தில் ரெண்டு பேரும் புதுச்சேரியில் ஒரு கன்னியர் மடத்தில் மௌனத் தியானத்துக்குத் தங்கினோம். ஜெபத்தில் உட்கார்ந்ததுமே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, எனக்குக் கொட்டாவி வந்தது. ஆண்டவர்கூட இவள் பக்கம்தானா என்று வயிறு எரிந்தது.

அங்கே சாப்பாட்டு மேசையில் யாரும் எதையும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்து நகர்த்தி வைக்க வேண்டும். கஞ்சியில் உப்பே இல்லை. தெரேசின் கண் உப்புக் கிண்ணத்துக்குப் போனது. நான் அதை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளையும் அப்படியே செய்தேன். அவள் சப்பென்று குடித்தாள், எனக்கு இனித்தது.

மௌனம் முடிந்து வாசலுக்கு வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பிரஷர் ஏறிப்போச்சுக்கா. உப்பைத் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஆனா கிண்ணத்தப் பாத்தா கை தானா போவுது. நான் சொல்லாமலே புரிஞ்சிக்கிட்டு எடுத்து வெச்சிட்டீங்களே, இந்த மனசு யாருக்குக்கா வரும்?"

நான் கையை விடுவித்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

நான் செய்த கெடுதலைக்கூட அன்பாகவே பார்க்கிற மனசு. அதையும் ஆண்டவர் அவளுக்கே கொடுத்துவிட்டார்.