ஒத்திவைத்த தண்டனையும் உதுமாலெப்பை முதலியாரும்

14.03.2025, வெள்ளிக்கிழமை, முற்பகல் 9.20

மறைவுச் செய்தி

நீதிமன்றத்தில் என்னோடு பணியாற்றி இளைப்பாறிய அன்பர்களுக்கு,

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பதால் முதலியார் என்றே எல்லோரும் அழைத்த நம்முடைய உதுமாலெப்பை கடந்த செவ்வாய்க்கிழமை காலை காத்தான்குடியில் காலமானார். அவருடைய மகன் பிற்பகல் 2.10க்கு அழைத்துச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 4.35. நல்லடக்கம் முடிந்திருந்தது.

தீர்ப்பு நாள்களில் மதிய இடைவேளைக்கு அவர் சாப்பிடப் போவதில்லை. தண்டனை பெற்றவரின் வீட்டாரை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருத்தி, "நீதவான் ஐயா என்ன சொன்ன? உங்கட வாயால சொல்லுங்க பாப்பம்" என்பார். மூன்று குற்றங்களுக்குத் தலா ஒரு வருடம், ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பான ஒரு நாள், பெரியகல்லாற்றுத் தாயொருத்தி மூன்று விரல்களை நீட்டி அழுதாள். அவர் இரண்டை மடக்கிவிட்டார். "மூணும் ஒண்டாத்தான் ஓடும் புள்ள. ஒரு வருசம்தான்."

அப்போது நான் பதிவாளர். சட்டம் விளக்குவது மொழிபெயர்ப்பாளரின் கடமையன்று எனக் கடிதம் கொடுத்து அதைத் தடுத்தேன். அவர் சிரித்தார். "சேர், கோப்புல ஒரு திகதி பிழைச்சா உங்களுக்கு நித்திரை வராது. அவங்களுக்கு ஆள் வீட்ட வாற திகதியே விளங்கல்லயே." மறுநாள் ஒருவரிப் பதில் எழுதித் தந்துவிட்டு நிறுத்திவிட்டார்.

மூன்றாவது வாரம் கரடியனாற்று விவசாயி ஒருவருக்கு இரண்டு வருடச் சிறை, ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்துக்குள் வேறு குற்றம் செய்தால் இந்த இரண்டு வருடமும் தலையில் விழும். அவர் நடந்தே வெளியேறியதைக் கண்ட உறவினர்கள் வாசலில் பட்டாசு கொளுத்தினார்கள். முதலியார் எழுந்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் இருந்துவிட்டார். கடைக்கண்ணால் கண்டும் நான் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

நான்கு மாதங்களில், வயல் வட்டையில் தண்ணீர் திருப்பும் சண்டையில் அந்த விவசாயி அயல்வயல்காரனை மண்வெட்டிப் பிடியால் அடித்தார். புதிய தண்டனையோடு பழைய இரண்டு வருடமும் சேர்ந்தது. அவருடைய மனைவி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வழக்கு வெட்டுப்பட்டு முடிஞ்சிட்டெண்டுதான் ஐயா நாங்க நினைச்சம். ஒரு ஆள் சொல்லியிருந்தா அண்டைக்கு இவர நான் வட்டைக்குத் தனிய விட்டிருக்க மாட்டன்."

மறுநாள் முதலியார் என்னைக் கேளாமலே பழையபடி வீட்டாரோடு வாங்கில் போய் இருந்தார். நான் தடுக்கவுமில்லை, கடிதத்தை மீளப்பெறவுமில்லை. இன்றும் அயலவர்கள் ஒத்திவைப்பை விடுதலை என்றே சொல்கிறார்கள். திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன். அவர் எப்படிக் களைக்காதிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

இணைப்புகள்:
(அ) முதலியாருக்கு நான் கொடுத்த தடைக் கடிதத்தின் பிரதி.
(ஆ) அதனை மீளப்பெற்று, இன்றைய திகதியிட்டு நான் ஒப்பமிட்ட கடிதம்.

அவருடைய ஒருவரிப் பதிலை இணைக்கவில்லை: "தங்கள் கட்டளைப்படி இன்று முதல் எவருக்கும் எதுவும் விளங்கப்படுத்தமாட்டேன்." அது என்னிடமே இருக்கும்.