நான் மாற்றிச் சொல்லும் சாட்சி

சபையாரே, போன லெந்து உபவாச காலத்தில் இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். நீங்களும் நம்பி அல்லேலூயா சொன்னீர்கள். அது பொய்ச் சாட்சி. அதை மாற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அப்போது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் லைனுக்கு நான் சூப்பர்வைசர். கோபக்காரன், வாயும் நீளம். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அன்றைக்கு அது காரணமே இல்லாமல் மிஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. டார்கெட் தள்ளிப்போகிற எரிச்சலில், அதை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டச் சொன்னேன். ஓட்டியவள் கலா, பென்னலூரிலிருந்து வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணை வைத்தார்கள். வேலை போனால் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? மூன்று நாள் உபவாசம் இருந்தேன், முழங்காலில் நின்று அழுதேன். அழுது முடித்து எழுந்துபோய், சென்சாரை கலாவே ஆஃப் பண்ணினாள் என்று எழுதிக் கொடுத்தேன். நம்பிவிட்டார்கள். அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேனே, அதுதான் கொடுமை.

அந்த ஞாயிறுதான், பெரிய ஆபத்திலிருந்து கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்று இங்கே சொன்னேன். நான் செய்தது என் மனைவிக்குத் தெரியாது. கலாவின் கைக்காக ஜெபிக்கலாம் என்று அவளை அழைத்துவந்து, பெண்கள் பக்கம் உட்காரவைத்திருந்தாள். அதை நான் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது கலா வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"சார், சென்சார ஆஃப் பண்ணச் சொன்னது நீங்கதானே. அது உங்க சாமிக்குத் தெரியுமா, இல்ல நீங்க இன்னும் சொல்லலியா?"

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோயில் வாசலில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று. அந்த வாரம் வேதத்தைத் திறந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு. வேறு பக்கம் புரட்டினால் ஆமோஸ் தீர்க்கதரிசி. உங்கள் பாட்டுச் சத்தம் வேண்டாம், நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷத்தைப் பார்த்தவன் நான். தண்ணீர் எப்படிப் புரண்டு வரும் என்று எனக்குத் தெரியும்.

என்னை உடைத்தது, ஊரை ஏமாற்றிப் பணம் சேர்த்த வரிவசூல்காரன் சகேயுதான். இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னபோது, அவன் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்கும் வருவாரா? தேம்பித் தேம்பி அழுதேன். இந்த முறை தப்பிக்கும் வழியைக் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லப் பெலன் தாரும் ஆண்டவரே என்று கேட்டேன்.

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனதும் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியம், நாக்குக் குழறவே இல்லை. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். என் சூப்பர்வைசர் பதவி போனது. கலாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நானும் மனைவியும் பென்னலூருக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"மன்னிச்சிட்டேன் சார். வெரலு இனிமே வரவா போவுது? ஆனா சென்சார் இல்லாம அந்த மிஷின்ல இனி யாரையும் நிக்க வெக்கக் கூடாது. வேற யாரு வெச்சாலும் நீங்கதான் கேக்கணும்."

அடேயப்பா, என்ன மனசு! இருபது வருஷம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கிருபையையும் நியாயத்தையும் ஒரே மூச்சில் நான் கேட்டது அவள் வீட்டில்தான்.

இப்போது அதே பிரஸ்ஸில் நான் ஆபரேட்டர். சென்சார் மிஷினை நிறுத்தினால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கத்துகிறவர்கள் கத்தட்டும். வீட்டில் மனைவி முகத்தை நேராகப் பார்க்க முடிகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்களால் யாராவது நொந்துபோயிருந்தால், சாட்சி சொல்ல எழுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். பயமாகத்தான் இருக்கும். ஆண்டவரை நம்பிப் போங்கள், கைவிடமாட்டார்.

கலா இன்றைக்கும் வந்திருக்கிறாள். நான் எதையாவது மறைத்திருந்தால் அவள் எழுந்து சொல்லட்டும்.