சக்கரம் சுற்ற ஒரு குடம் தண்ணீர்

போன வாரம் என் மகள் வித்யாவின் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எக்ஸிபிஷன். ஆறாம் வகுப்புக்குத் தலைப்பு – ஆற்றலின் வடிவங்கள். சீட்டுக் குலுக்கியதில் வித்யாவுக்கு வந்தது நீர் மின்சாரம்.

மயிலாப்பூரில் குடியிருப்பவளுக்கா தண்ணீரைக் கொடுப்பார்கள்? எங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பேசாமல் காற்றாலையையே கொடுத்திருக்கலாம்!

வித்யா அசரவில்லை. ஐஸ்க்ரீம் குச்சிகளையும் பழைய குடைக்கம்பியையும் வைத்து ஒரு சக்கரம் செய்துவிட்டாள். மேலிருந்து தண்ணீர் விட்டால் சுற்றும் – சுற்ற வேண்டும். சோதித்துப் பார்க்க நான் ஒரு டம்ளர்கூடத் தரவில்லை. அடுத்த தண்ணீர் லாரி எப்போது வருமோ, யார் கண்டது?

எக்ஸிபிஷனில் மிஸ் வந்து, “தண்ணியெல்லாம் வேண்டாம்மா, தரை ஈரமாயிடும். நோட்ஸ்ல இருக்கறதைச் சொன்னா போதும்” என்றுவிட்டார்.

‘நீரின் நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது’ என்று காய்ந்த சக்கரத்தின் பக்கத்தில் நின்று ஒப்பித்தாள். எங்கே மாறுகிறது? ஒரு குச்சிகூட அசையவில்லை!

முதல் பரிசு, பாண்டி பஜாரில் ஆர்டர் கொடுத்துச் செய்த தெர்மோகோல் அணைக்கட்டுக்கு. தண்ணீருக்குப் பதில் நீல ஜிகினாப் பேப்பர். செய்தது கடைக்காரர், பரிசு வாங்கியது பையன், பூரித்துப் போனது அப்பா – ஆற்றல் எப்படியெல்லாம் கைமாறுகிறது, பார்த்தீர்களா?

பிள்ளைகளுக்கு ஆற்றலைச் சொல்லித் தருகிறோமா, ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லித் தருகிறோமா? வீட்டுப் படியேறும்போது வித்யா, “கண்டிப்பா சுத்தியிருக்கும்மா” என்றாள்.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. அடுப்பில் பால். வித்யா கையில் குடத்தைக் கொடுத்து அனுப்பினேன். பாலை இறக்கிவிட்டுப் போனால் தெருவே கூச்சல்! லாரிக் குழாய்க்கு அடியில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என் பெண்.

“இன்னா பாப்பா இது? தண்ணி வீணாப் போய்க்கினு கீது!” என்று ஒரு அம்மாள் கத்தினார்.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். “அட, சுத்துதே! என் கொடத்து மேல புடி கண்ணு, தண்ணியும் வீணாவாது.”

அவ்வளவுதான். அடுத்தவருக்கும் அதே ஆசை, அதற்கடுத்தவருக்கும். குடம் குடமாக, தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்கியது…

லாரி கிளம்பிப் போயிற்று. தெருவில் எல்லோர் குடமும் நிறைந்திருந்தது. எங்கள் குடம்? அவள் காலடியில், காலியாக!

திட்ட வாயெடுத்தேன். முகமெல்லாம் தண்ணீர் வழிய, “சுத்திடுச்சும்மா!” என்றாள்.

இவளை என்னவென்று திட்டுவது? குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.