மூன்று மில்லிமீட்டர்

என் அக்காவுக்குக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் ‘முடியாதம்மா’. பதினேழு வருடமாகச் சைக்கிள் கடையில் சக்கரம் கட்டுகிறாள். ரிம்முக்குள் கட்டைவிரலை வைத்தே அகலத்தைச் சொல்லிவிடுவாள். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் அதே எண்தான் வரும். பொருந்தாததைப் பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள். கடை அவள் புருஷனுடையது. பலகையில் அத்தான் பெயர், கல்லாவில் அத்தான், கையில் கிரீஸ் மட்டும் அக்காவுக்கு. நான் பில் போடுகிறவள்.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் தன் ரேஸ் சைக்கிளின் புதுச் சக்கரங்களோடு வந்தார். டியூப் இல்லாத வகை. டயரின் ஓரமும் ரிம்மும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் காற்று நிற்கும். அந்த ரிம்மிலோ டயரைக் கவ்விக்கொள்ளும் கொக்கி விளிம்பும் இல்லை. உள் அகலம் இருபத்தைந்து மில்லிமீட்டர். அவர் கொண்டுவந்த டயரும் இருபத்தைந்து.

“இதுக்கு இருபத்தெட்டாவது வேணும் சார். காத்தும் எழுபதுக்கு மேல ஏத்தக் கூடாது. கழண்டுக்கும்,” என்றாள் அக்கா.

“நான் நூறு அடிச்சுத்தாங்க ஓட்டுவேன். கல்லு மாதிரி இருக்கணும்.” டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். “முதலாளி இல்லையா?”

முதலாளி வந்தார். ரிம்மைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“மூணு மில்லிமீட்டர்ல என்ன குடி முழுகிடப் போகுது? டாக்டர் கேக்கறாரு, மாட்டு.”

அக்கா மறுபடியும் முடியாது என்றாள்.

“பெரிய இஞ்சினியர் மாதிரி பேசாத,” என்றார் அத்தான், டாக்டர் எதிரிலேயே. அக்கா மாட்டினாள்.

பத்தாம் நாள் டாக்டர் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தார். பாலத்து இறக்கத்தில் டயர் கழன்று ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. பல் பிடுங்குகிற கை. ஆறு மாதம் கருவியைத் தொடக் கூடாதாம். கூட வந்த அவர் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

“இத மாட்டினது யாரு?”

அத்தான் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அத்தானைப் பார்த்தார். வாயைத் திறக்காமலேயே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள்.

“இவதான் மேடம்,” என்றார் அத்தான்.

“ஆமா, இவங்கதான்,” என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி.

அதில் பொய் இல்லையே, அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

“அளக்கத் தெரியாதவங்க எதுக்கும்மா இந்த வேலைக்கு வரீங்க?” என்று அந்த அம்மா கத்தினாள். “நான்தான் மாட்டினேன்,” என்றாள் அக்கா. முடியாது என்று இரண்டு தடவை சொன்னதை அவள் சொல்லவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் சம்பளம் அந்தக் கல்லாவிலிருந்துதான் வருகிறது.

இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அத்தான் பாடம் எடுக்கிறார். “உள்ள இருபத்தஞ்சுன்னா டயர் இருபத்தெட்டாவது போடணும். எழுபதுக்கு மேல அடிச்சா நான் பொறுப்பில்ல.” எப்படி இவ்வளவு தெரியும் என்று யாராவது வியந்தால், “எல்லாம் அனுபவம் சார்,” என்கிறார். டாக்டரே நாலு பேரை அவரிடம் அனுப்பிவைத்தார்.

நேற்று ஒரு பெண் ரிம்மை அக்காவிடம் நீட்டினாள்.

“அக்கா, இந்த டயர் இதுக்குச் சேருமா?”

அக்காவின் கட்டைவிரல் தானாக உள்ளே போய் நின்றது. சேராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்தது.

“அவரக் கேளுங்க,” என்றாள் அக்கா.